ஃபில்லர் போட்ட இடத்தில் தழும்பு: கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாதா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பக்கமிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 46, அலுவலகமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோடுகளை ஃபில்லர் (தோலுக்கடியில் போடும் நிரப்பூசி) போட்டுச் சரிசெய்யலாம் என்று கடைத்தொகுதியில் இருந்த ஓர் அழகியல் மருந்தகத்துக்கு (கிளினிக்) போயிருக்கிறார். அங்கே 'கன்சல்டன்ட்' என்ற பெண் முக்கால் மணி நேரம் பேசி, நான்கு முறைக்கான பேக்கேஜை விற்றிருக்கிறார். "தழும்பு கிழும்பு வராதே?" என்று கேட்டதற்கு, "லஞ்ச் டைமில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள், நீங்கள் வேற" என்று பதில். டாக்டரைப் பார்த்தது ஐந்து நிமிடம். ஊசி போடும்போது வலப்பக்கம் சுரீரென்று வலி, மூக்கோரத்துத் தோல் வெளுத்துவிட்டது. டாக்டர் தேய்த்துவிட்டு, ஐஸ் வைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று இரவே கன்னத்தில் வலை விரித்தாற்போல் ஊதா நிறத்தில் கோடுகள். படமெடுத்து மருந்தகத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, "ரத்தக்கட்டுதான், நார்மல், ஐஸ் வையுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் கொப்புளம், பிறகு கருத்துப்போனது. பயந்துபோய் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். அங்கே ஃபில்லரைக் கரைக்கும் ஊசி போட்டார்கள், ஆனால் அந்த இடத்துத் தோல் ஏற்கெனவே செத்துவிட்டது. இன்று மூக்கோரத்தில் பத்துக் காசு அளவில் பள்ளமான தழும்பு.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் நான்கு மாதம். இத்தனை நாள் சும்மா இருந்த மருந்தகம் இப்போது ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது: கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஆறு முறை லேசர் இலவசம், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவருடைய கேள்விகள்: 'எல்லா அபாயமும் தெரியும், மருந்தகம் பொறுப்பல்ல' என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டாயிற்று, இனி உரிமை உண்டா? மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் நஷ்டஈடு வாங்கித் தருவார்களா? போலிஸுக்குப் போகலாமா? ஆறு வருஷம் டைம் இருக்கிறது, அவசரம் இல்லை என்கிறாள் தோழி, அது சரியா? ஃபேஸ்புக்கில் எழுதலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் தோழி சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் பொறுக்கும், இது பொறுக்காது. ஆறு வருஷம் என்பது சாதாரண ஒப்பந்தத் தகராறுகளுக்கு. கவனக்குறைவால் உடலுக்கு ஏற்பட்ட பாதிப்புக்குக் காலவரம்புச் சட்டம் தருவது 3 ஆண்டு. 'பணம் கட்டினேன், அதனால் இது ஒப்பந்த வழக்கு' என்று பெயரை மாற்றிப் போட்டாலும் உடல் பாதிப்புக்குக் கேட்கிற நஷ்டஈடு என்றால் அதே 3 ஆண்டுதான். பாதிப்பு இருப்பதே பிற்பாடுதான் தெரியவந்தது என்பவர்களுக்கு, தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்று சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது (அதற்கும் 15 ஆண்டு என்ற உச்சவரம்பு உண்டு). உங்களுக்கு அந்த வழி உதவாது, மூன்றாம் நாளே தெரிந்துவிட்டதே. ஆக, உங்களிடம் மிச்சம் இருப்பது எட்டு மாதம்.

எட்டு மாதம் நிறைய என்று தோன்றும். மருத்துவ வழக்கில் அது நிறைய இல்லை. ஆவணங்களை வாங்க வேண்டும், இன்னொரு டாக்டரிடம் கருத்து வாங்க வேண்டும், எதிர்த்தரப்புக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் கெடு நிற்காது. மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்ததாலும் நிற்காது. நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்தால்தான் நிற்கும், அல்லது 'காலவரம்பைக் காரணம் காட்ட மாட்டோம்' என்று எதிர்த்தரப்பு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷமாக வாயைத் திறக்காத மருந்தகத்துக்கு இப்போது ஏன் திடீர் அக்கறை என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் இந்த நேரத்தில் 'பார்க்கலாம், பேசலாம்' என்று இழுத்துக்கொண்டே போனால் லாபம் யாருக்கு என்பது தெரிந்ததுதான்.

கையெழுத்து

நீங்கள் அனுப்பிய படிவத்தின் படத்தைப் பார்த்தேன். அதில் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒரே பக்கத்தில் கலந்திருக்கிறார்கள். மேல் பாதியில் வீக்கம், ரத்தக்கட்டு, தொற்று, அரிதாகத் தோல் இறத்தல் என்று அபாயங்களின் பட்டியல். கீழே கடைசி வரியில், 'எந்தப் பாதிப்புக்கும் மருந்தகமோ மருத்துவரோ பொறுப்பல்ல'.

அந்தக் கடைசி வரியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் 1977 என்று ஒன்று இங்கே நடப்பில் இருக்கிறது, பிரிட்டனிலிருந்து வந்த சட்டம். கவனக்குறைவால் ஒருவருக்கு மரணமோ உடல் பாதிப்போ ஏற்பட்டால், அதற்குப் பொறுப்பல்ல என்று எந்த வணிகமும் ஒப்பந்தத்தில் எழுதியோ சுவரில் ஒட்டியோ தப்பிக்க முடியாது என்று அதன் இரண்டாவது பிரிவு சொல்கிறது. நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு மூன்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான். இந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பாதிப் பேர் வழக்கறிஞரிடமே வருவதில்லை.

மேல் பாதி அப்படியில்லை, அதற்கு மதிப்பு உண்டு. தோல் இறக்கலாம் என்ற அபாயம் உங்களுக்குச் சொல்லப்பட்டது என்று அவர்கள் வாதாட அது ஓர் ஆதாரம். ஆனால் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியதால் மட்டும் ஆலோசனை சொன்னதாக ஆகிவிடாது. 2017 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விஷயத்தில் நோயாளியின் பக்கம் ஓரடி நகர்ந்தது. பிறகு நாடாளுமன்றம் குடிமைச் சட்டத்தில் 37ஆம் பிரிவைச் சேர்த்து, அது 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி டாக்டர் சொன்ன ஆலோசனை சக மருத்துவர்கள் ஏற்கிற மாதிரி இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, இந்த நோயாளி யோசித்து முடிவெடுக்க எந்தத் தகவல் தேவைப்படும் என்பதையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். நீங்கள் வாய்விட்டே கேட்டிருக்கிறீர்கள், தழும்பு வருமா என்று. அதற்குப் பதில் சொன்னது யார்? விற்பனைப் பெண். டாக்டர் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வரவில்லை. இது உங்களுக்குச் சாதகமான விஷயம். ஆனாலும் இதையே முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பேன். 'சரியாகச் சொல்லியிருந்தால் நான் போட்டுக்கொண்டே இருக்க மாட்டேன்' என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும், பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டு வந்த ஒருவர் அப்படிச் சொல்வதை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

தவறு எங்கே நடந்தது

உங்கள் கடிதம் முழுக்க 'ஊசியைத் தப்பாகப் போட்டுவிட்டார்' என்ற கோபம்தான். புரிகிறது. ஆனால் வழக்கு என்று வரும்போது அதுதான் நிரூபிக்க ரொம்பக் கஷ்டமான பகுதி.

மூக்கோரக் கோட்டுக்கு அடியிலேயே முகத்தின் பெரிய தமனியும் அதன் கிளைகளும் ஓடுகின்றன, ஆளுக்கு ஆள் பாதை கொஞ்சம் மாறும். ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ, வெளியிலிருந்து அதை அழுத்தினாலோ அந்தக் குழாய் ரத்தம் கொடுக்கிற தோலுக்குப் பட்டினி. நன்றாகப் பயிற்சி பெற்ற, கவனமான கையிலும் இது நடக்கலாம். ஆகவே 'நடந்துவிட்டது, அதனால் தவறு' என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. சிகிச்சை செய்த விதத்தைப் பொறுத்தவரை, பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாராராவது இப்படித்தான் செய்வார்களா, அந்தக் கருத்து தர்க்கத்துக்கு நிற்குமா என்றுதான் பார்ப்பார்கள். அந்த அளவுகோல் டாக்டர்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிற அளவுகோல்.

ஊசிக்குப் பிறகு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டவுடனே சுரீரென்ற வலி, கண்ணெதிரே வெளுத்த தோல், இரவுக்குள் வலை போன்ற ஊதாக் கோடுகள். ரத்தக்குழாய் அடைபட்டதற்குப் பாடப்புத்தகம் சொல்கிற அடையாளங்கள் இவை. நீங்கள் போட்டுக்கொண்டது ஹயலுரானிக் அமில வகை என்று படிவத்தில் இருக்கிறது. அதைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற நொதி மருந்து உண்டு, அதைத்தான் மருத்துவமனையில் போட்டார்கள். அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய வைத்தியம், நாள்கணக்கில் அல்ல. ஃபில்லர் போடுகிற இடத்தில் அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. ஐஸ் வைக்கச் சொன்னதும் கவனிக்க வேண்டியது. குளிர்ச்சி ரத்தக்குழாயைச் சுருக்கும், அடைப்பு என்று சந்தேகம் வந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம்தான் கொடுப்பார்கள்.

எனவே நான் உங்கள் வழக்கறிஞராக இருந்தால் மூன்று கேள்வியைச் சுற்றித்தான் வழக்கைக் கட்டுவேன். வெளுத்த தோலைப் பார்த்த பிறகும் ஏன் வீட்டுக்கு அனுப்பினார்? இரவு அனுப்பிய படத்தை எந்த டாக்டராவது பார்த்தாரா, இல்லை கவுண்டர் பிள்ளை 'நார்மல்' என்று தட்டிவிட்டதா? அவசரம் என்றால் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லி அனுப்பினார்களா? ஊசி முனை எங்கே இருந்தது என்பதை இன்று யாராலும் பார்க்க முடியாது. ஆனால் இரவு 9.40க்கு நீங்கள் அனுப்பிய படமும், மறுநாள் பதினொரு மணிக்கு வந்த பதிலும் நேரத்தோடு உங்கள் கைப்பேசியில் இருக்கின்றன.

ஒரு கண்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று இரவே கரைக்கும் ஊசி போட்டிருந்தால் தழும்பு வந்திருக்காது, அல்லது இதைவிடச் சின்னதாக இருந்திருக்கும் என்பதற்குப் பாதிக்கு மேல் சாத்தியம் இருக்கிறது என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுக்க வேண்டும். 'எப்படியும் வந்திருக்கும்' என்று அவர் சொல்லிவிட்டால், மருந்தகத்தின் நடத்தை எவ்வளவு மோசமாக இருந்தாலும் நஷ்டஈடு பெரிதாக வராது. ஆகவே முதல் செலவு வக்கீலுக்கு அல்ல, ஒட்டறுவை நிபுணரோ சரும நிபுணரோ எழுதித் தருகிற அந்த அறிக்கைக்கு. அவசரப் பிரிவில் உங்களைப் பார்த்த மருத்துவமனையிலும் அன்றைய மருத்துவ அறிக்கையை வாங்கிவிடுங்கள்.

யார் மேல்

'ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் அழகியல் மருத்துவம் என்ற பெயரில் அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத் துறையே கிடையாது. போடாக்ஸ், ஃபில்லர் போடுகிறவர்களில் பலர் பொது மருத்துவர்கள், தேவையான பயிற்சியும் தகுதிச் சான்றும் பெற்றுச் செய்கிறார்கள், அது சட்டப்படி சரிதான். ஆனால் டாக்டர் அல்லாத யாரும் இந்த ஊசிகளைப் போடக்கூடாது, அழகுக்கலை நிபுணர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் உங்கள் டாக்டரின் பெயரைப் போட்டுப் பாருங்கள், பதிவு எந்த வகை, நிபுணராகப் பதிந்திருக்கிறாரா என்பதெல்லாம் இலவசமாகவே தெரியும்.

வழக்கை டாக்டர் மேலும் மருந்தகத்தை நடத்துகிற நிறுவனத்தின் மேலும் சேர்த்துத்தான் போடுவார்கள். ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு. வாட்ஸ்அப்பில் பதில் சொன்ன ஊழியரின் விஷயம் நேரே நிறுவனத்தின் தலையில்தான் விழும். டாக்டர் 'நான் அங்கே ஊழியரே இல்லை, அவ்வப்போது வந்து போனேன்' என்று சொன்னால் நிறுவனம் கழன்றுகொள்ளப் பார்க்கும், அதற்காகத்தான் இருவரும். கடைப் பலகையில் இருக்கும் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேறு வேறாக இருக்கும், ரசீதில் இருக்கும் யூஇஎன் எண்ணை (நிறுவனப் பதிவெண்) வைத்து, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் கடைகள் திடீரென்று மூடிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. நிறுவனம் மூடினாலும் டாக்டரின் தனிப்பட்ட பொறுப்பு அவரைவிட்டுப் போகாது.

புகார், போலிஸ், சிறு கோரிக்கை

மருத்துவ மன்றம் நஷ்டஈடு வாங்கித் தராது. ஒரு காசு கூட. அதன் வேலை டாக்டரின் நடத்தையை விசாரிப்பது: கண்டிக்கலாம், 100,000 வெள்ளி வரை அபராதம் போடலாம், 3 ஆண்டு வரை இடைநீக்கம் செய்யலாம், பெயரையே பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். அபராதமும் உங்களுக்கு வராது. எல்லாத் தவறும் அங்கே 'ஒழுங்கீனம்' ஆகிவிடுவதும் இல்லை. ஸ்டீராய்டு ஊசியின் பக்கவிளைவுகளைச் சொல்லவில்லை என்று ஓர் எலும்பு மருத்துவருக்குப் போட்ட 100,000 வெள்ளி அபராதத்தை 2019 இல் மூன்று நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். சாதாரணப் பிசகுக்கும் கடுமையான அலட்சியத்துக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். புகார் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இரவு உங்கள் படத்துக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்று நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள், சத்தியப் பிரமாணத்தோடு கொடுக்க வேண்டும், பல மாதங்கள் ஆகும். அதை நம்பி வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான். மருந்தகத்தின் உரிமம் சம்பந்தப்பட்ட விஷயங்களுக்குச் சுகாதார அமைச்சு, ஃபில்லர் பொருளின் மேலேயே சந்தேகம் இருந்தால் சுகாதார அறிவியல் ஆணையம்.

போலிஸ்? பதிவு பெற்ற டாக்டர், அனுமதி பெற்ற மருந்தகம் என்றால் பெரும்பாலும் இது உரிமையியல் விவகாரம்தான். போட்டவர் டாக்டரே இல்லை என்று தெரியவந்தால் கதை வேறு, அது குற்றம், அப்போது தயங்காமல் போங்கள். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டிலும் ஹோட்டல் அறையிலும் ஊசி போட்டவர்களை இங்கே நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 20,000 வெள்ளி வரை (இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000), வக்கீல் இல்லாமலே போகலாம், ஆனால் உடல் காயத்துக்கான நஷ்டஈட்டை அது விசாரிக்காது. பேக்கேஜில் மிச்சமிருக்கும் மூன்று முறைக்கான பணத்தை வேண்டுமானால் அங்கே கேட்கலாம், அதற்கும் 2 ஆண்டுக் கெடு உண்டு. பணத்தைத் திருப்பித் தர மறுத்த நாள் எது என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கெடு தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம். என்னைக் கேட்டால் அந்தச் சின்னத் தொகைக்காகத் தனியாக அலைய வேண்டாம், பெரிய கோரிக்கையோடு சேர்த்தே கேளுங்கள்.

அந்தக் கடிதம்

மாதக் கடைசி என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்தது அல்ல. 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற மாதிரி இரண்டாவது பத்தியில் ஒரு வாசகம் இருக்கிறது பாருங்கள், அதில் கையெழுத்துப் போட்டால் பணமும் லேசரும் கிடைக்கும், பிற்பாடு தழும்புக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் ஒரு வெள்ளி கேட்க முடியாது. அன்றைய படிவத்தின் கடைசி வரி செல்லாது என்றேனே, அந்தத் துணிச்சலில் இதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது விபத்துக்கு முன்னால் எழுதி வாங்கியது, இது நடந்த பிறகு பணம் வாங்கிக்கொண்டு தகராறை முடித்துக்கொள்வது. இது செல்லும். ரகசியக் காப்பு வாசகமும் இருக்கிறது, எந்த அமைப்பிடமும் புகார் செய்யமாட்டேன் என்ற வரியும் இருக்கிறது. அந்தக் கடைசி வரி நீதிமன்றத்தில் எடுபடுமா என்பது பெரிய கேள்விக்குறி. ஆனால் எடுபடுமா என்று பார்க்க நீங்கள் ஏன் சோதனை எலியாக வேண்டும்?

அப்புறம் அந்த இலவச லேசர். நம் நிறத் தோலில் லேசரும் ஐபிஎல் என்ற ஒளிச் சிகிச்சையும் சரியான அளவில் போடாவிட்டால் கருமை தட்டும், சமயத்தில் சுட்டும்விடும், அதிலும் ஏற்கெனவே தழும்பான இடம். தழும்புக்கு என்ன செய்யலாம் என்பதை அந்த மருந்தகத்துக்குச் சம்பந்தமில்லாத சரும நிபுணர் சொல்லட்டும். அவர் லேசர்தான் என்று சொன்னால் அதன் செலவையும் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

பேசித் தீர்க்கக்கூடாது என்பது என் கட்சி இல்லை. உண்மையில் இந்த மாதிரி விவகாரங்கள் பெரும்பாலும் பேசித்தான் முடிகின்றன, சமரச மத்தியஸ்தத்துக்கு இங்கே நல்ல வசதியும் இருக்கிறது, நீதிமன்றமே 'முயன்று பார்த்தீர்களா' என்று கேட்கும். ஆனால் நிபுணர் அறிக்கை கையில் இல்லாமல் பேசப் போவது விலை தெரியாமல் நகை விற்கப் போகிற மாதிரி. இப்போதைக்கு, 'கடிதம் கிடைத்தது, ஆலோசனை பெற்றுப் பதில் தருகிறேன், அதுவரை என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை' என்று இரண்டு வரி மின்னஞ்சல் போதும். ஃபோனில் பேசாதீர்கள்.

பணக்கணக்கு

ஜெயித்தால் என்ன கிடைக்கும்? வலி, வேதனை, முகத்தில் நிற்கும் தழும்பு இவற்றுக்கு ஒரு தொகை, இதுவரை ஆன மருத்துவச் செலவு, இனி ஆகப்போவது, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம். டிவியில் பார்க்கிற அமெரிக்கக் கோடிகள் இங்கே கிடையாது, நம் நீதிபதிகள் பழைய தீர்ப்புகளோடு ஒப்பிட்டு நிதானமாகத்தான் தருவார்கள். 60,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். உங்களுடையது முதல் வகையில் வர வாய்ப்பு அதிகம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலும் ஒரு பங்கு உங்கள் தலையில். நிபுணர் கட்டணம், வக்கீல் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினால், தழும்பு சின்னதாக இருக்கிற ஒரு வழக்கில் ஜெயித்தும் கையில் பெரிதாக நிற்காமல் போகலாம். நல்ல அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியஸ்தத்தில் முடிப்பதைத்தான் நான் முதலில் முயல்வேன், வழக்கைக் கெடு தாண்டாமல் தாக்கல் செய்வதற்கான ஏற்பாட்டை அதற்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.

வரும் தொகையில் முப்பது சதவிகிதம் எடுத்துக்கொண்டு நடத்தித் தரும் வக்கீல் இருக்கிறார் என்று மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வழக்கில் பங்கு பேசுவது சிங்கப்பூர் வழக்கறிஞருக்கு அனுமதிக்கப்பட்டதல்ல, அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற இடைத்தரகரிடம் ஆவணங்களைக் கொடுக்காதீர்கள். வருமானம் வரம்புக்குள் இருந்தால் அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவில் விண்ணப்பியுங்கள். இலவசமாக ஒரு முறை ஆலோசனை கேட்க புரோ போனோ எஸ்ஜி நடத்தும் சட்ட ஆலோசனை முகாம்கள் இருக்கின்றன.

ஃபேஸ்புக் விஷயம். நடந்ததை நடந்தபடி எழுதினால் உண்மை என்பது அவதூறு வழக்குக்கு நல்ல தற்காப்புத்தான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். 'கொலைகார டாக்டர்', 'போலி' என்று ஒரு சொல் கோபத்தில் விழுந்தால் நீங்கள் வாதி என்ற நிலை போய்ப் பிரதிவாதி ஆகிவிடுவீர்கள். டாக்டரின் வீட்டு முகவரி, பிள்ளைகள் படம் என்று யாராவது கமென்ட்டில் போட்டால் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் தொல்லை வேறு. வழக்கு முடிகிற வரை எழுதாதீர்கள். ஏற்கெனவே போட்டதை அழிக்கவும் வேண்டாம், ஆதாரத்தை அழித்தார் என்று சொல்ல இடம் கொடுக்காமல் 'எனக்கு மட்டும்' என்று மாற்றிவையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மருந்தகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி உங்கள் சிகிச்சைக் குறிப்புகள், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கையெழுத்திட்ட படிவத்தின் நகல் எல்லாவற்றையும் கேளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களைப் பற்றிய தகவலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, நகலெடுக்கக் கட்டணம் கேட்கலாம், மறுக்கச் சரியான காரணம் வேண்டும். குறிப்பாக ஃபில்லர் பெட்டியில் வருகிற ஒட்டுச்சீட்டைக் கேளுங்கள், அதில் பொருளின் பெயரும் தொகுப்பு எண்ணும் இருக்கும், வழக்கமாக அதை உரித்து உங்கள் அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஒட்டவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

வாட்ஸ்அப் உரையாடலை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்காமல் முழுதாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். அந்தக் கைப்பேசியைத் தள்ளுபடிக்குக் கொடுத்துப் புதிது வாங்குகிற யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள், படங்களின் அசல் கோப்பில் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். வெளுத்த தோல், ஊதாக் கோடு, கொப்புளம், இன்றைய தழும்பு என்று வரிசையாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அன்று உங்களோடு வந்த மகளை, அவருக்கு நினைவிருப்பதை அவர் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதக்கூடாது. இவற்றோடு ரசீது, மருத்துவமனை அறிக்கை, மருந்தகம் இப்போது அனுப்பியிருக்கும் கடிதம், மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த மாதத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நான் இங்கே சொன்னது உங்கள் கடிதத்தை மட்டும் படித்துவிட்டுச் சொன்ன பொதுவான ஆலோசனை, ஆவணங்களைப் பார்க்கிறவர் சிலவற்றை மாற்றிச் சொல்லலாம்.